என்ன கல்லுன்னு சொல்லுங்க!

மேலூர்க்காரர்களிடம் கல்லைப் பற்றிப் பேசுவது திருநெல்வேலிக்காரரிடம் அல்வாவைப் பற்றிப் பேசுவது மாதிரி. நமக்குத் தெரிந்ததைவிட அவர்களுக்கு ரெண்டு விஷயம் கூடத் தெரிந்திருக்கும். கீழவளவு, கீழையூர்ப் பக்கம் குவாரியில் வேலை பார்த்தவரிடம் ஒரு துண்டை நீட்டினால், கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, பாலிஷ் நிற்குமா, கப்பலில் ஏறத் தேறுமா என்று அங்கேயே சொல்லிவிடுவார். இந்தப் பக்கத்துக் கல் ஒன்றுக்கு வியாபாரத்தில் 'காஷ்மீர் ஒயிட்' என்று பேர். அது காஷ்மீரை எந்த ரயிலில் போய்ப் பார்த்ததோ தெரியாது. ஆனால், பேர் இருக்கிறது, ரகம் இருக்கிறது, ரகத்துக்கு ஏற்ற விலை இருக்கிறது.

2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் ஏலம் நினைவிருக்கும். பூமிக்கு அடியில் கிடப்பது டங்ஸ்டன்தான் என்று கண்டுபிடித்து, 2,015 ஹெக்டேர் என்று அளந்து, டெல்லியிலிருந்து ஏலமும் விட்டாயிற்று. அரிட்டாபட்டியும் வல்லாளபட்டியும் சும்மா இருக்கவில்லை. 2025 ஜனவரி 7 அன்று சுற்றுவட்டார ஜனம் மதுரையை நோக்கித் திரண்டு வந்தது. அதே மாதம் 23-ம் தேதி ஏலம் ரத்து. நல்லது. நான் சொல்ல வந்தது அதில்லை. மேலூர் தாலுகாவில் மலைக்கு அடியில் இருக்கிற கல் என்ன வகை என்பது டெல்லிக்குத் தெரிகிறது. மேலூர்க்காரரின் விலாவுக்கு அடியில் இருக்கிற கல் என்ன வகை என்பது, அவருக்கு வைத்தியம் பார்க்கிறவருக்கே தெரியவில்லை. தெரிந்துகொள்ள யாருக்கும் ஆசையும் இல்லை. இதைத்தான் கேட்க வந்தேன்.

என் மாமா மேலூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார். நெல், கொஞ்சம் கரும்பு. வயது 58. சர்க்கரை உண்டு. தொப்பையும் உண்டு. ஆறு வருஷத்தில் மூன்று தடவை கல்லடைப்பு. கல்லடைப்பு வலியை வந்தவர்களிடம்தான் கேட்கவேண்டும். பிள்ளை பெற்ற பெண்கள்கூட, 'அதுக்கு இது கொஞ்சம் கூடத்தான்' என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். முதல் தடவை நடு ராத்திரியில், வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டவரை ஆட்டோவில் தூக்கிப் போட்டு மதுரைக்குக் கொண்டுவந்தார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். கல்லைக் காணோம். சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். கல் இருந்தது. குழாய் விட்டு எடுத்தார்கள். மூணு வாரம் உள்ளே ஒரு ஸ்டென்ட், அதை உருவ இன்னொரு நாள். அத்தையின் நகை பேங்குக்குப் போனது.

இரண்டரை வருஷம் கழித்து மறுபடி. வேறு ஆஸ்பத்திரி. மறுபடி எக்ஸ்ரே, மறுபடி கல்லைக் காணோம், மறுபடி ஸ்கேன், மறுபடி கல் இருந்தது. மறுபடி நகை.

மூன்றாவது தடவை மாமா என்னிடம் வந்தார். கையில் ஜவுளிக்கடை மஞ்சப்பை. உள்ளே ஆறு வருஷத்து ரிப்போர்ட், ஃபிலிம், சி.டி. தட்டுகள் எல்லாம்.

"பாரு மாப்ளே, அம்புட்டும் இருக்கு. எக்ஸ்ரேல தெரிய மாட்டேங்குது, ஸ்கேன்ல தெரியுது. என்ன எழவு கல்லுடா இது?"

ஆறு வருஷத்தில் அந்த நோயைப் பற்றிக் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான். பத்தாம் வகுப்பு தாண்டாத ஒரு விவசாயி கேட்டது.

மஞ்சப்பையில் இருந்த ரிப்போர்ட்டுகளை உட்கார்ந்து படித்தேன். அத்தனையிலும் மில்லிமீட்டர் இருந்தது. எந்த இடம் என்று இருந்தது. கிட்னி எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று இருந்தது. 'கால்குலஸ்' என்று இருந்தது. கால்குலஸ் என்றால் லத்தீனில் கூழாங்கல். அதாவது பணத்தைக் கட்டிவிட்டு, 'உமக்குள் ஒரு கல் இருக்கிறது, அது ஒரு கல்' என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். என்ன கல் என்று ஒரு வரி இல்லை. வெளியே எடுத்த கல்லை என்ன செய்தார்கள்? சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மாமா அதை பீரோவில் வீட்டுப் பத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுவார்.

கிட்னிக் கல் என்பது ஒரே பொருள் அல்ல. இது நேற்று கண்டுபிடித்த ரகசியமும் அல்ல. ஸ்வீடனில் ஷீலே என்கிற மருந்துக்கடைக்காரர் 1776-ல், கல்லைக் கரைத்துப் பார்த்து யூரிக் ஆசிட்டைக் கண்டுபிடித்தார். இங்கிலாந்தில் வொல்லாஸ்டன் 1797-ல் கற்களை வகை பிரித்து எழுதினார். அதற்கெல்லாம் வெகு காலத்துக்கு முன்பே நம் சுஸ்ருதர் நாலு வகை என்றார். அதில் வாதக் கல் கறுத்து, சொரசொரப்பாக, கடம்பம்பூ மாதிரி முள்முள்ளாக இருக்கும் என்கிறார். கடம்பவனம் என்று பேர் வாங்கிய மதுரையில் உட்கார்ந்துகொண்டு நாம் 'கால்குலஸ்' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறோம்.

பெரும்பாலானவர்களுக்கு வருவது கால்சியம் ஆக்ஸலேட். இதுதான் மெஜாரிட்டி கட்சி. கால்சியம் பாஸ்பேட் கொஞ்சம். கிருமித் தொற்றால் வளர்கிற ஸ்ட்ரூவைட் இருக்கிறது. அது கிட்னிக்குள் மான்கொம்பு மாதிரி கிளைவிட்டு நிற்கும். ஒரு துணுக்கு மிச்சம் வைத்தாலும் திரும்ப முளைக்கும். பரம்பரையாக வருகிற சிஸ்டின் அபூர்வம். சின்ன வயதிலேயே தொல்லை கொடுக்கும். பிறகு யூரிக் ஆசிட். ஏறக்குறைய பத்தில் ஒன்று. சர்க்கரைக்காரர்களுக்கும் பருத்தவர்களுக்கும் சிறுநீர் புளித்துப்போய் அதிகம் வருவது இதுதான். இந்த வரிசையில் மருந்து சாப்பிட்டாலே சமர்த்தாகக் கரைகிற கல் இது ஒன்றுதான்!

இப்போது மாமாவின் கேள்விக்கு வருவோம். எக்ஸ்ரே என்பது நிழல். கால்சியம் கனமான அணு, கதிரை மறிக்கும், நிழல் விழும். யூரிக் ஆசிட்டில் இருப்பது கரி, ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்ஸிஜன். நம் சதையில் இருக்கிற அதே சரக்குகள். கதிர் பாட்டுக்குப் போய்விடும். அதனால் சாதாரண எக்ஸ்ரேயில் யூரிக் ஆசிட் கல் கண்ணில் படாது. சி.டி. ஸ்கேன் நுணுக்கமான வித்தியாசத்தையும் பிரித்துப் பார்க்கும் என்பதால் அதில் மாட்டிக்கொள்ளும். ஆக, 'எக்ஸ்ரேல இல்ல, ஸ்கேன்ல இருக்கு' என்பது பாதி விடை. கல் நல்ல சைஸில் இருந்து, குடல் வாயுவும் மறைக்கவில்லை என்றால், பாதிக்கும் மேலே. இரண்டு ஆஸ்பத்திரியிலும் அந்த விடை மேஜை மேல் கிடந்தது. எடுத்துப் படிக்க ஆளில்லை.

சி.டி. இன்னொன்றும் சொல்லும். அந்த மெஷினை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டு என்கிற எஞ்சினீயரின் பெயரால் ஓர் எண் இருக்கிறது. (மனிதர் டாக்டர் படிப்புப் படித்தவரில்லை. 1979-ல் மருத்துவ நோபல் வாங்கினார்.) தண்ணீருக்கு 0. காற்றுக்கு மைனஸ் 1,000. யூரிக் ஆசிட் கல் பெரும்பாலும் 500-க்குள் இருக்கும். கால்சியம் ஆக்ஸலேட் அநேகமாக 800, 1,000, அதற்கும் மேலே. கம்ப்யூட்டர் திரையில் கல்லின் மேல் மவுஸை வைத்து ஒரு வட்டம் போட்டால் எண் வந்து நிற்கும். ஒரு நிமிஷ வேலை. தனி ஃபிலிம் வேண்டாம், தனி ஊசி வேண்டாம், தனி பில்லும் வேண்டாம். ஒருவேளை அதுதான் காரணமோ என்னவோ!

இந்த எண்ணில் ஓட்டை உண்டு. கல் சின்னதாக இருந்தால் எண் குறைத்துக் காட்டும். ரெண்டு சரக்கு கலந்த கல் ஏமாற்றும். அதற்குத்தான் டூயல் எனர்ஜி சி.டி. வந்தது. விஷயம் ரொம்ப எளிது. டவுன்ஹால் ரோட்டில் பட்டுப்புடவை எடுக்கிற பெண்களைப் பாருங்கள். கடைக்குள் ட்யூப் லைட்டில் ஒரு தடவை பார்ப்பார்கள். நம்ப மாட்டார்கள். வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பிடித்து இன்னொரு தடவை பார்ப்பார்கள். ஒரு வெளிச்சத்தில் ஒரே மாதிரி தெரிகிற ரெண்டு கலர், இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும். அதேதான் இங்கேயும். 80 கிலோவோல்ட் கதிரில் ஒரு படம், 140-ல் ஒரு படம். கால்சியம் கல் குறைந்த வோல்ட்டில் ரொம்பக் கெட்டியாகவும், கூடுதல் வோல்ட்டில் அவ்வளவு கெட்டியில்லாமலும் தெரியும். யூரிக் ஆசிட் ரெண்டிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். ரெண்டையும் வகுத்துப் பார்த்து, கம்ப்யூட்டர் ஒன்றுக்குச் சிவப்பும் மற்றதற்கு நீலமும் பூசிக் கொடுக்கும். யோசனை ஹவுன்ஸ்ஃபீல்டே 1973-ல் எழுதிவைத்தது. ரெண்டு குழாய் வைத்த மெஷினாகச் சந்தைக்கு வந்தது 2006 வாக்கில். அதற்கும் எல்லை இருக்கிறது. மூணு மில்லிமீட்டருக்குக் கீழே தடுமாறும். யூரிக் ஆசிட்டா, இல்லையா என்பதில்தான் அது கெட்டி. மற்ற வகைகளைத் தங்களுக்குள் பிரிப்பதில் அத்தனை நம்பகமில்லை. 'டூயல் எனர்ஜி இருக்கிறது வாருங்கள்' என்று போர்டு வைத்துக் காசைக் கறக்கிறவர்களும் வருவார்கள். எனவே முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்: அந்த மெஷின் இல்லையே என்பது என் புலம்பல் அல்ல. இருக்கிற மெஷின் சொல்வதை ஏன் எழுதிக் கொடுப்பதில்லை என்பதுதான்.

எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது கோபப்பட்டார். "வெளியில அறுபது பேர் நிக்கிறாங்க சார். அஞ்சு மில்லிமீட்டர் கல் தானா விழுந்துடும். பெருசா இருந்தா எடுத்துத்தான் ஆகணும். அது எந்தக் கல்லா இருந்தா என்ன?"

அறுபது பேர் நிற்பது நிஜம். அஞ்சு மில்லிமீட்டர் பெரும்பாலும் விழுந்துவிடும், அதுவும் நிஜம். மாமாவுக்கு முதல் தடவை அடைப்பு, வலி, எடுத்தது சரி. அதைக் குறை சொல்லவில்லை. காய்ச்சலோடு அடைப்பு வந்தால் கரைப்பது, கிரைப்பது என்று உட்கார்ந்திருக்கவே கூடாது. ராத்திரியோடு ராத்திரியாகச் சீழை வடித்தாகவேண்டும், உயிருக்கு ஆபத்து. ஆனால் 'எந்தக் கல்லா இருந்தா என்ன' என்பது மட்டும் நிஜமில்லை. 1,000-க்கு மேலே எண் காட்டுகிற கல்லை வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைக்கப் போனால் பல பேருக்கு உடையாது. காசைக் கட்டிவிட்டு மறுபடி ஆபரேஷனுக்கு வரவேண்டும். சிஸ்டின் கல்லும் அப்படித்தான் முரண்டு பிடிக்கும். ஸ்ட்ரூவைட் என்றால் கிருமியையும் ஒழிக்கவேண்டும். யூரிக் ஆசிட் என்றால் கத்தியே வேண்டாமல் போகலாம். எடுத்த கல்லைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால், ரெண்டாவது தடவை வராமலே தடுத்திருக்கலாம். இன்ஃப்ராரெட் ஒளியில் வைத்துக் கல்லின் சரக்கைச் சொல்கிற லேப்கள் இருக்கின்றன. ஸ்கேனுக்கு ஆகிற செலவில் ஒரு பங்குதான்.

சரி, டாக்டரை மட்டும் திட்டி என்ன பயன்? பெரும்பாலான இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம். குழாய் விட்டுக் கல்லை எடுத்தால் கம்பெனி கொடுக்கும். மூணு மாசம் மாத்திரை சாப்பிட்டு வீட்டிலிருந்தே கரைத்தால் சொந்தப் பணம். அப்புறம் யார் கரைப்பார்கள்?

நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தக்காளியில் விதை இருக்கிறது, ஆகவே கல் வரும். போர்த் தண்ணியில் உப்புப் படிகிறது, ஆகவே கல் வரும். பாலில் கால்சியம் இருக்கிறது, ஆகவே பாலை நிறுத்து. இந்த 'ஆகவே'க்களால் எத்தனை வீட்டில் ரசம் நின்று போயிருக்கிறது! தக்காளியில் ஆக்ஸலேட் குறைவு. நிறைய இருப்பது பசலைக்கீரை வகையில். பால் விஷயம் இன்னும் தலைகீழ். இத்தாலியில் பார்மா நகரத்து டாக்டர்கள், அடிக்கடி கால்சியம் கல் வருகிற 120 ஆண்களை ரெண்டு பிரிவாக்கி அஞ்சு வருஷம் கவனித்து 2002-ல் எழுதினார்கள். கால்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்குக் கல் திரும்பி வந்தது. கால்சியத்தை வழக்கம்போல் சாப்பிட்டு, உப்பையும் கறியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்குத்தான் வந்தது. சோற்றோடு போகிற கால்சியம் குடலிலேயே ஆக்ஸலேட்டைக் கட்டிப்போட்டு வெளியே அனுப்பிவிடுகிறது. பாலை நிறுத்தினால் கட்டிப்போட ஆளில்லை.

அப்புறம் பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருக்கிற 'ஏழே நாளில் எந்தக் கல்லும் கரையும்' பொடி. 'எந்தக் கல்லும்' என்று எழுதியிருந்தால் அங்கேயே தெரிந்துகொள்ளலாம், அவருக்குக் கல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று. வாழைத்தண்டும் நெருஞ்சிலும் சிறுபீளையும் நம் வீட்டுச் சமாச்சாரம். பொங்கலுக்குக் காப்புக் கட்ட வாசலில் செருகுகிற அதே பூளைப்பூதான். குடியுங்கள், தண்ணீர் சேரும், நல்லதுதான். ஆனால் ஆக்ஸலேட் கல்லை அதில் கரைத்துவிடலாம் என்று வருஷக்கணக்கில் கிட்னியை வீங்கவிட்டு வருகிறார்கள் பாருங்கள், அது கொடுமை. பீர் வைத்தியம் சொல்கிற மச்சான்களைப் பற்றிப் பேச இந்தப் பக்கம் போதாது.

மாமாவின் மூன்றாவது கல் இடது கிட்னிக்குள் இருந்தது. 11 மில்லிமீட்டர். அடைப்பு இல்லை, காய்ச்சல் இல்லை. ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டு வந்திருந்தார். அந்தப் பையில் ஃபிலிம் மட்டும் இருந்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஃபிலிமில் எண் எடுக்க முடியாது. நல்லவேளை, சி.டி. தட்டு இருந்தது. இன்னொரு டாக்டரிடம், இளைஞர், எடுத்துப் போனோம். தட்டைக் கம்ப்யூட்டரில் போட்டு வட்டம் போட்டார். 390. ரெண்டு நிமிஷம் யோசித்தார். சிறுநீரில் ஒரு காகிதப் பட்டையை முக்கிப் பார்க்கச் சொன்னார். பி.ஹெச். 5. நல்ல புளிப்பு. 5.5-க்குக் கீழே போனாலே யூரிக் ஆசிட் படியும். கிட்னி எப்படி வேலை செய்கிறது, ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு, பொட்டாசியம் சிட்ரேட் எழுதினார். சிறுநீரை 6.5-லிருந்து 7-க்குள் நிறுத்தவேண்டும். அதற்கு மேலே போனால் பாஸ்பேட் படியும், அது வேறு தலைவலி என்றார். தினமும் ரெண்டு, ரெண்டரை லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்குத் தண்ணீர்.

மாமா நோட்டுப் போட்டு எழுதினார். காலையில் பட்டை, சாயங்காலம் பட்டை. வயலில் நிற்கும்போது பக்கத்தில் தூக்குவாளியில் தண்ணீர். பத்து வாரம் கழித்து ஸ்கேன். கல்லைக் காணோம்.

"மாப்ளே, அப்ப மொத ரெண்டு தடவை...?" என்று ஆரம்பித்தார். நான் பதில் சொல்லவில்லை. அத்தை உள்ளே போய்விட்டார்.

எல்லோருக்கும் இப்படி நடக்காது. கால்சியம் கல்காரர் சிட்ரேட்டை மூட்டையாகச் சாப்பிட்டாலும் இருக்கிற கல் கரையாது. கிட்னி பலவீனமானவர் டாக்டரைக் கேட்காமல் சாப்பிட்டால் பொட்டாசியம் ஏறி ஆபத்து. நான் மாத்திரை விற்க வரவில்லை. பத்தில் அந்த ஒருவர் யார் என்று தெரிந்துகொள்ளாமலே பத்துப் பேருக்கும் ஒரே டோக்கன் கொடுக்காதீர்கள் என்கிறேன்.

அரசாங்கம் இதற்கு ஆயிரம் கோடி ஒதுக்கவேண்டியதில்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு ஆஸ்பத்திரிகளில் சி.டி. மையங்களை வெளியில் வாங்குவதைவிடக் குறைந்த கட்டணத்தில் நடத்துகிறது. அங்கே ஓர் உத்தரவு போட்டால் போதும்: கல் ரிப்போர்ட் என்றால் மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் ஹவுன்ஸ்ஃபீல்டு எண்ணும் இருக்கவேண்டும். அரசு செய்தால் தனியாரும் செய்வார்கள், வேறு வழியிருக்காது. கிட்னிக்கு எடுக்கிற ஸ்கேனைக் குறைந்த கதிரிலேயே எடுக்கலாம் என்பதையும் அதிலேயே சேர்த்துவிடலாம். ஆறு வருஷத்தில் மாமா எத்தனை தடவை அந்த வளையத்துக்குள் போய் வந்தார் என்று யாரும் எண்ணவில்லை. எடுத்த கல்லை டப்பாவில் போட்டுக் கொடுக்காமல் லேபுக்கு அனுப்பச் சொல்லலாம். படத்தைத் தட்டிலோ போனிலோ நோயாளி கையில் கொடுக்கச் சொல்லலாம். காசு கொடுத்தது அவர்தானே.

போன மாதம் வேறொரு உறவினருக்காக மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போயிருந்தேன். அவருக்கும் கல். ரிப்போர்ட் வாங்கும்போது கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம், "இதுல ஹவுன்ஸ்ஃபீல்டு எவ்வளவுன்னு எழுதலையேம்மா?" என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தது.

"அது கேட்டாத்தான் சார் போடுவாங்க."

"இப்ப கேக்கிறேனே."

"நீங்க கேட்டா இல்ல சார். டாக்டர் எழுதிக் கேக்கணும்."

உள்ளே போய்க் கொஞ்சம் சண்டை போட்டேன். பத்து நிமிஷத்தில் புது ரிப்போர்ட் வந்தது. கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். 1,140. அவருக்குக் கரையாது. அதிர்வலைக்குத் தேதி வாங்கியிருந்தார்; அந்த ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் திரும்பிப் போயிருக்கிறார்.